‘ஐந்து ஆண்டுகள் கழித்து’: கணக்குப் புத்தகம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடநூலும் வினாத்தாளும் வழிகாட்டியும் எழுதுகிற ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். பத்தொன்பது வருடமாக எடுக்கிறேன். போன மாதம் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு கணக்கில் பேனா நின்றுவிட்டது. கணக்கு இதுதான்:

தந்தையின் வயது மகளின் வயதைப் போல் 4 மடங்கு. 5 ஆண்டுகள் கழித்துத் தந்தையின் வயது மகளின் வயதைப் போல் 3 மடங்காக இருக்கும். இருவரின் தற்போதைய வயது என்ன?

பழைய கணக்குதான். நீங்களும் நானும் படித்த காலத்தில் மகளுக்குப் பதில் மகன் இருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பிள்ளை மகளின் வயதை எக்ஸ் என்று எடுத்துக்கொண்டு, சமன்பாடு எழுதி, அடைப்புக்குறியை நீக்கி, இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய், ஒரு குறிகூடத் தப்பாமல் தீர்த்திருந்தாள். கடைசி வரியில் ‘மகளின் வயது = −10’ என்று எழுதி, கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தாள்.

கூப்பிட்டு, “மைனஸ் பத்து வயசுன்னா என்னம்மா?” என்று கேட்டேன். அவள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. “கழித்துன்னுதானே மிஸ் போட்டிருக்கு? அதான் ரெண்டு பேருக்கும் அஞ்சு அஞ்சு கழிச்சேன்” என்றாள்.

அவள் எழுதிய சமன்பாடு 4யா − 5 = 3(யா − 5). அதைத் தீர்த்தால் −10 தான் வரும். எழுதியிருக்க வேண்டியது 4யா + 5 = 3(யா + 5). அப்போது மகளுக்கு 10, தந்தைக்கு 40. (இந்த மடலில் எக்ஸ் வருகிற இடத்திலெல்லாம் ‘யா’ என்று எழுதுகிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.)

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. வீட்டில் பாட்டி “ரெண்டு நாள் கழிச்சு வா” என்று சொன்னால் இந்தப் பெண் முந்தாநாளைக்குப் போய் நிற்கமாட்டாள். கழித்து என்றால் பிறகு என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கணக்கு நோட்டைத் திறந்த உடனே அந்தத் தமிழ் அவளை விட்டுப் போய்விடுகிறது. அதை விரட்டிய ஆட்களில் நானும் ஒருத்தி, நீங்களும் இருக்கிறீர்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் என் பங்கு. என் வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் இருந்தது. நானே ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியது. ‘மொத்தம், கூடுதல், சேர்த்து: கூட்டு. மீதி, குறைவு, கழித்து: கழி. மடங்கு, வீதம்: பெருக்கு. தலா, சமமாக: வகு.’ இந்த மாதிரி சார்ட் இல்லாத வகுப்பு எங்கள் பக்கத்தில் குறைவு. வழிகாட்டி நூல்கள் இதைக் கட்டம் கட்டிப் போடுகின்றன. ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

அந்த சார்ட்டை ஒரு மத்தியான நேரம் சும்மா சோதித்துப் பார்த்தேன். “மாலாவிடம் 20 ரூபாய் இருக்கிறது. அது கண்ணனிடம் இருப்பதைவிட 7 ரூபாய் கூடுதல். கண்ணனிடம் எவ்வளவு?” சார்ட் சொல்வது 27. சரியான விடை 13. “5 பேருக்குத் தலா 3 லட்டு கொடுக்க எத்தனை லட்டு வேண்டும்?” தலா என்றால் வகுக்க வேண்டுமாம். ஐந்து பேருக்கு மூன்று லட்டை எப்படிப் பிய்த்துக் கொடுப்பது? “மொத்தம் 45 பேரில் 19 பேர் பெண்கள்” என்று ஆரம்பித்தால் மொத்தம் என்ற சொல்லே கழித்தலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் ‘கூடுதல்’ வேறு தனித் தலைவலி. பாடநூலில் ‘இரு எண்களின் கூடுதல்’ என்றால் இரண்டையும் கூட்டி வருவது. கடையில் ‘பத்து ரூபாய் கூடுதல்’ என்றால் மேற்கொண்டு வருவது. ஒரே பக்கத்தில் இரண்டு பொருளிலும் நாம் எழுதுகிறோம். பிள்ளைகள் கேட்பதில்லை. கேட்டால் திட்டு விழும் என்று தெரியும்.

சார்ட் வேலை செய்யாமல் இல்லை. அதனால்தான் அது ஆபத்து. பத்துக் கணக்கில் ஆறேழுக்கு அது சரியான விடையைக் கொடுத்துவிடுகிறது, ஏனென்றால் நாம் அந்த சார்ட்டுக்குத் தோதாகவே கணக்கு எழுதிப் பழகிவிட்டோம். வாக்கியத்தைப் படிக்காமலே சொல்லைப் பொறுக்கினால் போதும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அப்புறம் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மாறி வருகிறது, பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு வருகிறது. அங்கே பொறுக்குவதற்குச் சொல் கிடைக்காது. அன்றைக்கு, ‘வாக்கியக் கணக்கு எனக்கு வராது, அதை விட்டுவிடுகிறேன்’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட், ஜாக் லோக்ஹெட், ஜார்ஜ் மாங்க் என்ற மூவர் 1981இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பொறியியல் முதலாண்டு மாணவர்கள் 150 பேரிடம் அவர்கள் ஒரே ஒரு வாக்கியத்தைக் கொடுத்திருந்தார்கள்: இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுங்கள். மாணவர் எண்ணிக்கைக்கு ஓர் எழுத்து, பேராசிரியர் எண்ணிக்கைக்கு ஓர் எழுத்து. நூற்றுக்கு 37 பேர் தப்பாக எழுதினார்கள். நுண்கணிதம் படிக்கிற பிள்ளைகள்! தப்பில் பெரும்பாலானது ஒரே தப்பு. மா = 6பே என்று வரவேண்டியதை 6மா = பே என்று எழுதிவிட்டார்கள்.

இதை எங்கள் ஆசிரியர் அறையில் சொன்னபோது ஒருவர், “ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர், சரியாத்தானே எழுதியிருக்காங்க?” என்றார். அதேதான். அவர்கள் ‘மா’ என்பதை எண்ணிக்கையாகப் பார்க்கவில்லை, மாணவர் என்ற சொல்லின் சுருக்கமாகப் பார்த்தார்கள். ‘6மா’ என்றால் ஆறு மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி ஒரு படம். இந்தப் படத்தைப் பிள்ளை மனதில் வரைந்தது யார் தெரியுமா? ஆறாம் வகுப்பில் ‘3 ஆப்பிளையும் 2 வாழைப்பழத்தையும் கூட்ட முடியுமா? முடியாதல்லவா? அதேபோல்தான் 3அ + 2வா’ என்று சொல்லிக்கொடுத்த நாம். அன்றைக்குச் சுலபமாகப் புரிந்தது. அதற்கான கடனை எட்டாம் வகுப்பில் வட்டியோடு கட்டுகிறோம்.

நான் ஒரு சின்னச் சோதனை செய்தேன். சமன்பாட்டை நான் கொடுத்து, அதற்குக் கதையைப் பிள்ளைகளை எழுதச் சொன்னேன். 2யா + 10 = 50. ஒரு பையன் எழுதியது: “என்கிட்ட ரெண்டு உண்டியல் இருக்கு. ரெண்டுலயும் ஒரே அளவு காசு. அம்மா பத்து ரூபா குடுத்தாங்க. இப்ப மொத்தம் அம்பது.” இன்னொருவன்: “2 ஆடு, 10 மாடு. எல்லாம் சேர்ந்து 50.” இருவருமே அந்தச் சமன்பாட்டைத் தீர்த்து 20 என்று விடை எழுதியவர்கள். பரீட்சையில் இருவருக்கும் ஒரே மார்க் வந்திருக்கும். கதை எழுதச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த இரண்டாவது பையனின் மாடுகளை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

ஆகவே என் கோரிக்கைகளில் சின்னது இது. ‘எக்ஸ் என்க’ என்று மொட்டையாக எழுதும் பழக்கத்தைப் பாடநூலிலிருந்து எடுங்கள். ‘பேனாவை எக்ஸ் என்க’ என்று எழுதவே எழுதாதீர்கள். ‘ஒரு பேனாவின் விலை எக்ஸ் ரூபாய் என்க’ என்று எடுத்துக்காட்டுக்கு எடுத்துக்காட்டு எழுதுங்கள். விடைக்குறிப்பில் அந்த வரிக்கு ஒரு மார்க் தனியாக வையுங்கள். எங்கள் ஊரில் மார்க் இல்லாத வரியை யாரும் எழுதுவதில்லை, நான் உட்பட யாரும் வற்புறுத்துவதும் இல்லை.

இனி தமிழுக்கு வருகிறேன்.

கீழே இருப்பதை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை, நாம் எழுதுகிற வார்ப்பில் நானே எழுதிப் பார்த்தது: “நீளமானது அகலத்தின் இரு மடங்கைவிட 3 செ.மீ குறைவாக உள்ளவாறு அமைந்த, 54 செ.மீ சுற்றளவினைக் கொண்ட ஒரு செவ்வகத்தின் பரிமாணங்களைக் காண்க.” பதின்மூன்று வயதுப் பிள்ளை இந்த வாக்கியத்தில் செவ்வகத்தை எங்கே சந்திக்கிறது பாருங்கள். நீளம் வந்துவிட்டது, அகலம் வந்துவிட்டது, சுற்றளவும் வந்துவிட்டது. எதனுடைய நீளம் என்று தெரியாமல் இத்தனையையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையில் சுமந்தபடி கடைசிவரை போக வேண்டும். ஆங்கிலத்தில் முதலில் செவ்வகத்தைச் சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் அடுக்கலாம். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால்தான் வரும். ஆங்கில வாக்கியத்தை ஒரே வாக்கியமாகவே கொண்டுவந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இப்படித்தான் குப்புறக் கவிழும். ‘பரிமாணம்’ வேறு.

அதையே இப்படிச் சொல்லலாம்: “ஒரு செவ்வகம். அதன் அகலத்தை இரண்டு மடங்காக்கி, அதில் 3 செ.மீ குறைத்தால் அதன் நீளம் வரும். சுற்றளவு 54 செ.மீ. நீளம் எவ்வளவு? அகலம் எவ்வளவு?” சொல்கிற வரிசையிலேயே பிள்ளை எழுதிக்கொண்டு போகும். அகலம் யா, இரண்டு மடங்கு 2யா, அதில் 3 குறைத்தால் 2யா − 3. அகலம் 10, நீளம் 17. கணக்கு ஒரு துளிகூட எளிதாகிவிடவில்லை. தமிழ் மட்டும் எளிதாகியிருக்கிறது.

உண்மையில் இந்த விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஓர் எண்ணைவிட 5 குறைவு’ என்று சொல்லும்போது ஐந்து முன்னால் வந்துவிடும், எண் பின்னால் வரும். அங்கே பிள்ளைகள் 5 − எக்ஸ் என்று எழுதித் தொலைப்பது ஊரறிந்த தப்பு. தமிழில் ‘ஓர் எண்ணைவிட’ என்று எண் முதலில் வருகிறது, ‘5 குறைவு’ பின்னால் வருகிறது. யா − 5. எழுதுகிற வரிசையும் சொல்கிற வரிசையும் ஒன்று. ‘ஓர் எண்ணின் 3 மடங்கிலிருந்து 5ஐக் கழிக்க 16 கிடைக்கும்’ என்பதும் அப்படியே நேராக இறங்கும்: 3யா − 5 = 16.

ஒருவேளை வரிசை மாறினாலும் பரவாயில்லை. ‘12ஐ ஓர் எண்ணிலிருந்து கழி’ என்று சொல்லுங்கள், ‘ஓர் எண்ணிலிருந்து 12ஐக் கழி’ என்று சொல்லுங்கள், இரண்டும் யா − 12 தான். ஏனென்றால் யார் எதை விட்டுப் போகிறார்கள் என்பதை உருபு சொல்லிவிடுகிறது. ‘இலிருந்து’ எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறதோ அது முன்னால், ‘ஐ’ எதோடு ஒட்டியிருக்கிறதோ அது மைனஸுக்குப் பின்னால். வகுத்தலிலும் இதே கதை. ‘ஐ’ மேலே, ‘ஆல்’ கீழே. ‘8ஐ 2ஆல் வகு’, ‘2ஆல் 8ஐ வகு’ இரண்டும் ஒன்றே. இதைத் தமிழாசிரியை பக்கத்து வகுப்பில் வேற்றுமை என்று நடத்திக்கொண்டிருக்கிறார். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள் என்று பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். நீங்கல் என்றால் கழித்தல். ஒப்பு என்றால் ‘அதைவிட இது இவ்வளவு’. நம் வாக்கியக் கணக்கில் பாதி அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது! ஆனால் தமிழ் பீரியடில் படித்த உருபு கணக்குப் பீரியடுக்குள் வருவதில்லை. மணி அடித்ததும் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

நான் இப்போது கணக்கு எழுதிப் போட்டால், முதலில் உருபுகளுக்கு அடிக்கோடு போடச் சொல்கிறேன். சொல்லுக்கு இல்லை, சொல்லின் வாலுக்கு. ‘மகளின் வயதைப் போல்’, ‘எண்ணிலிருந்து’, ‘இதனுடன்’, ‘ஆளுக்கு’. சார்ட்டைக் கிழித்த இடத்தில் வெள்ளைச் சுவர்தான் இருக்கிறது. உருபுக்கும் ஒரு சார்ட் எழுதி ஒட்டலாமே என்று ஒரு சக ஆசிரியை சொன்னார். பயந்துகொண்டு ஒட்டவில்லை.

தமிழ் காலை வாருகிற இடங்களும் இருக்கின்றன, அவற்றையும் சொல்ல வேண்டும். பின்னம் அதில் முதலாவது. ‘ஐந்தில் இரண்டு பங்கு’ என்று நாம் சொல்கிறோம். ஐந்து முதலில் காதில் விழுகிறது, பிள்ளை முதலில் 5 என்று எழுதிவிட்டு அதன் கீழே கோடு போட்டு 2 எழுதுகிறது. மேலிருந்து கீழாக எழுதுகிற கை, கேட்கிற வரிசையிலேயே எழுதிவிடுகிறது. அரை, கால், முக்கால், அரைக்கால், மாகாணி என்று பல பின்னங்களுக்கு நம்மிடம் ஒரே சொல்லில் பேர் இருந்தது. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. அந்தப் பேர்களில் முக்கால்வரைதான் இப்போது பிழைத்திருக்கிறது. அதை மீட்கச் சொல்லி நான் கொடி பிடிக்கவில்லை. ‘ஐந்தில் இரண்டு’ என்று கேட்டால் முதலில் கோட்டைப் போடு, கோட்டுக்குக் கீழே ஐந்தை வை, அப்புறம் மேலே இரண்டு என்று ஒரு வரி பாடநூலில் இருந்தால் போதும். இல்லை.

இரண்டாவது ‘மடங்கு’. விலை 100 ரூபாயாக இருந்தது, ‘இரண்டு மடங்கு உயர்ந்தது’ என்றால் இப்போது எவ்வளவு? எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் 200 என்றோம், பாதிப் பேர் 300 என்றோம். கணக்கு ஆசிரியர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். செய்தித்தாளில் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். கணக்குப் புத்தகத்தில் ‘இரண்டு மடங்காக உயர்ந்தது’ என்று மட்டும் எழுதினால் இந்தச் சண்டையே இல்லை. ஓர் ‘ஆக’. அவ்வளவுதான் கேட்கிறேன். ‘இரண்டு மடங்கு அதிகம்’ வேண்டவே வேண்டாம்.

இப்போது ‘யா’வுக்கு வருகிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் இயற்கணிதம் எழுதியபோது தெரியாத எண்ணுக்கு ‘யாவத்தாவத்’ என்று பேர் வைத்தார். அவருக்கு முன்பிருந்தே வழங்கிவந்த பேர். ‘எவ்வளவோ அவ்வளவு’ என்று பொருள். அதைச் சுருக்கி ‘யா’ என்று எழுதுவார்கள். இன்னொரு தெரியாத எண் வந்தால் கறுப்பு, அடுத்து நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களின் பேர். தமிழிலோ ‘யா’ என்பதே பழைய வினாச்சொல். யார், யாது, யாவை எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தாம். சம்ஸ்கிருத ‘யா’வும் தமிழ் ‘யா’வும் வேறு வேறு என்றாலும், எனக்கு இந்தத் தற்செயல் ரொம்பப் பிடித்துவிட்டது. வகுப்பில் ‘யா’ என்று எழுதினால் பிள்ளைகள் “எவ்வளவு?” என்றே படிக்கிறார்கள். ஆடு, மாடு என்று யாரும் படிப்பதில்லை. ஒரு மாதம் இப்படி ஓட்டிவிட்டுப் பிறகு எக்ஸுக்குப் போகிறேன்.

எக்ஸ் வந்ததே 1637இல், பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்து எழுதிய ‘வடிவியல்’ நூலோடு. அதற்கு எண்ணூறு வருடம் முன்பு பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி, இயற்கணிதத்துக்கு ‘அல்ஜீப்ரா’ என்ற பேர் வாங்கிக்கொடுத்த புத்தகத்தை ஒரு குறியீடுகூட இல்லாமல் முழுக்க முழுக்க வாக்கியமாகவே எழுதினார். தெரியாததை ‘பொருள்’ என்றார். அந்தப் புத்தகத்தில் ஏறக்குறைய பாதி பாகப்பிரிவினைக் கணக்கு: செத்தவர் சொத்தில் மகனுக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, உயில் எழுதி வைத்த வெளியாளுக்கு எவ்வளவு. ஆக, மனிதர்கள் பல நூறு வருடம் வாக்கியத்திலேயே சமன்பாடு போட்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் எட்டு நிமிடம் தருவதில்லை. புத்தகத்தில் கணக்கு வாக்கியத்துக்கு அடுத்த வரியே எக்ஸ். நடுவில் ‘அப்பாவின் 5 ஆண்டுகளுக்குப் பிறகான வயது = 3 × மகளின் 5 ஆண்டுகளுக்குப் பிறகான வயது’ என்று தமிழிலேயே ஒரு சமன்பாடு எழுதினால் அந்த மைனஸ் பத்து வந்திருக்குமா?

தமிழால் இது முடியாது என்று யாராவது சொன்னால் அந்தப் புறாக் கதையைக் கேட்டதில்லை என்று அர்த்தம். உங்கள் பாட்டியும் சொல்லியிருப்பார். பறந்து போகிற புறாக்கூட்டத்தைப் பார்த்து, மரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த புறா, “நீங்கள் நூறு பேரா?” என்று கேட்டதாம். கூட்டத்தில் ஒன்று சொன்னதாம்: “நாங்களும், எங்களைப் போல் இன்னொரு பங்கும், எங்களில் பாதியும், பாதியில் பாதியும், அதோடு உன்னையும் சேர்த்தால் நூறு.” நான் இதைச் சொல்லச் சொல்ல, ஒரு பிள்ளையைப் பலகையில் எழுதிக்கொண்டே வரச் சொன்னேன். நாங்கள்: யா. எங்களைப் போல் இன்னொரு பங்கு: இன்னொரு யா. பாதி: யா/2. பாதியில் பாதி: யா/4. உன்னையும்: 1. சேர்த்தால்: அவன் கூட்டல் குறிகளைக் கடைசியில் போய் இடையிடையே போட்டான். நூறு. நான் சொல்லி முடித்தபோது பலகையில் சமன்பாடு முழுசாக இருந்தது. யாரும் சார்ட்டைத் தேடவில்லை. 36 புறா என்று விடை வர இன்னும் பத்து நிமிடம் ஆயிற்று, பின்னத்தில் தடுமாறினார்கள். அது வேறு வியாதி, அதற்கு மருந்து தெரியும்.

அந்த மைனஸ் பத்துப் பெண்ணைப் பற்றி இன்னொன்று. அவள் அம்மா பஸ் ஸ்டாண்டு வாசலில் பூக்கட்டி விற்கிறவர். சனி, ஞாயிறில் இவளும் உட்காருவாள். ஒருநாள் பூ வாங்கப் போனபோது சும்மா கேட்டேன்: “உதிரிப்பூ முந்நூறு ரூபாய்க்கு எடுத்திருக்கீங்க. முழம் இருபத்தஞ்சு. இருநூறு ரூபாய் கையில நிக்கணும்னா எத்தனை முழம் விக்கணும்?” கை பூவைத் தொடுத்துக்கொண்டே இருக்க, “இருபது முழம் மிஸ்” என்றாள். எப்படி என்றேன். “போட்ட காசு முந்நூறு. மேல இருநூறு. ஐந்நூறு வரணும்ல? நாலு முழம் நூறு ரூபா.” 25யா − 300 = 200 என்ற சமன்பாட்டில் 300ஐ வலப்பக்கம் கொண்டுபோய்க் கூட்டு என்று நான் ஒரு வாரம் நடத்துவது இதைத்தான். “நூல் காசு விட்டுட்டீங்க மிஸ்” என்று கடைசியில் எனக்குத் திருத்தமும் சொன்னாள்.

அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நாடு தழுவிய தேர்வில் ஒரு கணக்கு வந்தது. ஒரு பஸ்ஸில் 36 சிப்பாய்கள் ஏறலாம், 1128 சிப்பாய்களுக்கு எத்தனை பஸ் வேண்டும்? நூற்றுக்கு 29 பேர் ‘31, மீதி 12’ என்று எழுதினார்கள். ‘மீதி 12’ பஸ் எந்த டிப்போவில் கிடைக்கும்? அந்த அமெரிக்கப் பிள்ளைகளும் நிஜ பஸ்ஸில் நண்பர்களை விட்டுவிட்டு வரமாட்டார்கள். கணக்கு என்றால் நிஜத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும், செருப்பு மாதிரி, என்று பள்ளிக்கூடம் பழக்கியிருக்கிறது. நாமும் அதே பழக்கம்தான் பழக்குகிறோம். ஒரு வகுப்பில் 2 ரூபாய்ப் பேனா கணக்கு போட்டபோது ஒருவன் “அந்தக் கடை எங்க மிஸ் இருக்கு?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதட்டி உட்காரவைத்தேன். இப்போது யோசித்தால், வாக்கியத்தை உண்மையிலேயே படித்தவன் அவன் ஒருவன்தான்.

ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்ற ஆசிரியர் 1977இல் ஒரு முறை சொன்னார். தப்பாகப் போட்ட பிள்ளையைக் கூப்பிட்டு ஐந்து கேள்வி கேட்க வேண்டும். படித்துக் காட்டு. என்ன கேட்டிருக்கிறது, உன் வார்த்தையில் சொல். இதை எப்படிக் கணக்காக மாற்றுவாய்? செய்து காட்டு. விடையை எழுது. எந்தக் கேள்வியில் பிள்ளை நிற்கிறதோ அங்கேதான் நோய். நம் விடைக்குறிப்பு நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் மார்க் போடுகிறது. என் பிள்ளைகள் நிற்பது இரண்டிலும் மூன்றிலும். நாற்பத்திரண்டு பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட எனக்கு நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடப்பயிற்சியில் பத்துக் கணக்கில் மூன்றை, ‘தீர்க்க வேண்டாம், சமன்பாடு மட்டும் எழுதுக’ என்று நீங்கள் போடலாம். ஒன்றை, ‘இந்தச் சமன்பாட்டுக்குக் கதை எழுதுக’ என்று போடலாம். பரீட்சையில் அதே கணக்கு எண் மாறாமல் வரும் என்ற உத்தரவாதத்தை எடுத்துவிடலாம். புத்தகத்தின் வாக்கியக் கணக்குகளை எங்கள் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். எக்ஸ் எங்கே வரும், எத்தனையாவது வரியில் வரும் என்று பாட்டு மாதிரி ஒப்பிப்பார்கள். எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள், அழுதுவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மடலைப் படித்துவிட்டு, நல்ல மனதோடு யாராவது அடுத்த பதிப்பில் ‘ஆண்டுகள் கழித்து’ என்பதை எல்லா இடத்திலும் ‘ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று மாற்றிவிடுவீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. தயவுசெய்து மாற்ற வேண்டாம். கழித்து என்ற சொல் அப்படியே இருக்கட்டும். ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதைக் கேட்டு ஐந்தைக் கூட்டுகிற பிள்ளைதான் வாக்கியத்தைப் படிக்கிற பிள்ளை. அதன் பக்கத்தில் இன்னொரு கணக்கில் ‘5ஐக் கழித்து’ என்று வையுங்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கேள்வி போடுங்கள். விடை ‘ஐ’யில் இருக்கிறது.

போன வாரம் எல்லாரையும் ஒரு வயதுக் கணக்கு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அந்தப் பெண் எழுதியதை அவள் தமிழிலேயே இத்துடன் அனுப்புகிறேன். எண்ணை நான் சரிபார்த்துவிட்டேன். இடம் இருந்தால் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவளிடம் கேட்டுவிட்டேன்:

“எனக்கும் என் தங்கச்சிக்கும் அஞ்சு வயசு வித்தியாசம். ரெண்டு வருசம் கழிச்சு என் வயசு அவ வயசைப் போல ஒன்றரை மடங்கா இருக்கும். இப்ப எனக்கு எத்தனை வயசு? (மைனஸ்ல வராது)”

இப்படிக்கு,
எட்டாம் வகுப்புக் கணக்கு மிஸ்